சரியான எதிர்ச்சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி?

'பச்சை' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? இப்படிக் கேட்டால் பலரும் திகைப்பார்கள். போக்குவரத்து விளக்கை நினைத்துக்கொண்டு 'சிவப்பு' என்பவர்களும் உண்டு. பச்சை மரத்துக்கு எதிர் பட்ட மரம். பச்சைப் புண்ணுக்கு ஆறிய புண். சூளைக்குப் போகாத பச்சைக் கல்லுக்குச் சுட்ட கல். பச்சரிசிக்குப் புழுங்கலரிசி, பச்சைத் தண்ணீருக்கு வெந்நீர், பச்சை இலைக்குச் சருகு. வெறும் நிறத்தைக் குறிக்கும்போது மட்டும் எதிரே கிடையாது. பச்சைச் சட்டைக்கு எதிர்ச்சட்டை எது?

சொல்லைத் தனியே பிடுங்கி வைத்துக்கொண்டு எதிரைத் தேடினால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். ஒரு சொல் ஓர் இடத்தில் என்ன பொருள் தருகிறதோ அந்தப் பொருளுக்குத்தான் எதிர் அமையும். கீழே வரும் முறை முழுவதும் இதன்மேல் நிற்கிறது. வினாத்தாள் எடுப்பவர், மொழிபெயர்ப்பவர், குறுக்கெழுத்துப் போடுபவர், பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருபவர் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

முதலில் வாக்கியம், பிறகு அளவுகோல்

சொல்லை ஒரு சிறு வாக்கியத்திலோ தொடரிலோ வையுங்கள். அடுத்து, அங்கே அது எதை அளக்கிறது என்று கேளுங்கள். வயதையா, நிறத்தின் அடர்த்தியையா, சூட்டையா, தரத்தையா? அந்த அளவுகோலின் மறுமுனையில் நிற்பதே எதிர்ச்சொல்.

'இளமை'யை எடுத்துக்கொள்வோம். இளைஞன் என்றால் வயது, எதிர் முதியவன். இளையவன் என்றால் உடன்பிறந்தாரின் வரிசை, எதிர் மூத்தவன். இளங்காய் என்றால் விளைச்சல்; எதிர் முற்றிய காய். இளம்பச்சை என்றால் நிறத்தின் அடர்த்தி. எதிர் கரும்பச்சை அல்லது அடர்பச்சை. இளஞ்சூட்டுக்கு எதிர் கடுஞ்சூடு. இளங்கலைக்கு எதிர் முதுகலை. அடிச்சொல் ஒன்றே, அளவுகோல் ஆறு. எதிரில் வந்த முதுமை, மூப்பு, முற்றல், கருமை, கடுமை ஆகியவற்றில் ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வைத்துப் பாருங்கள்; 'மூத்த பச்சை' என்று யாரும் துணி வாங்க மாட்டார்கள்.

இலக்கணக்காரர்கள் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள். 13ஆம் நூற்றாண்டின் நன்னூலில் பவணந்தி முனிவர் பண்புப்பெயர்களுக்கு ஒரு பட்டியல் தருகிறார்: செம்மை, சிறுமை, சேய்மை, தீமை, வெம்மை, புதுமை, மென்மை, மேன்மை, திண்மை, உண்மை, நுண்மை. மீதிப் பாதியை எழுதாமல் 'இவற்றெதிர்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். படிப்பவர் தாமே நிரப்பிக்கொள்வார் என்ற நம்பிக்கைதான். பெருமை, அணிமை, நன்மை, தண்மை, பழமை, வன்மை, கீழ்மை, நொய்மை என்று உரைகள் நிரப்பிக்கொண்டு போகின்றன. உண்மைக்கு வரும்போது 'இன்மை' என்கின்றன, பொய்மை என்பதில்லை. ஏனென்றால் அங்கே உண்மை என்பது 'உள்ளதாம் தன்மை'. இன்று 'உண்மை சொன்னான்' என்னும் வாக்கியத்துக்குப் பொய்தான் எதிர். இரண்டும் சரி, இடம்தான் வேறு. செம்மையும் இப்படியே. நிறமாக இருந்தால் வெண்மை, கருமை என்று மற்ற நிறங்களெல்லாம் எதிரில் வரிசையாக வந்து நிற்கும். நேர்மை என்ற பொருளில் வந்தால் வளைவுதான் எதிர். செங்கோல் × கொடுங்கோல் என்னும் இணையில் உள்ள 'கொடு'வுக்கு வளைந்தது என்று பொருள். திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை என்று அடுத்தடுத்து நிற்பதும் இந்த அளவுகோலில்தான்.

எதிர்மறை வேறு, எதிர்ச்சொல் வேறு

தேர்வுத் தாள்களில் அதிகம் மதிப்பெண் போகும் இடம் இது. 'வந்தான்' என்பதன் எதிர்மறை 'வரவில்லை', எதிர்ச்சொல் 'போனான்'. எதிர்மறை ஒன்றை மறுத்துவிட்டு நின்றுவிடும். எதிர்ச்சொல் மறுமுனையில் இன்னொன்றை நிறுத்தும். 'அவன் உயரமில்லை' என்றால் குட்டை என்று ஆகிவிடாது, நடுத்தரமாக இருக்கலாம். 'படம் மோசமில்லை' என்பவர் படம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. டிக்கெட் காசு போகவில்லை, அவ்வளவுதான்.

எதிர்மறையிலும் இல்லை, அல்ல இரண்டையும் கலக்கக்கூடாது. 'இல்லை' இருப்பை மறுக்கும். 'அல்ல' இன்னதென்பதை மறுக்கும். 'இது தங்கம் அல்ல' என்றால் பித்தளையாக இருக்கலாம். 'இங்கே தங்கம் இல்லை' என்றால் பெட்டி காலி. இதே வேறுபாடு அடைமொழிகளிலும் வரும். 'அரசு அல்லாத அமைப்பு' என்பது அரசைச் சேராத அமைப்பு. 'அரசு இல்லாத நாடு' என்பது ஆள்வோரே இல்லாத நாடு. பேச்சில் 'இல்லை' இரண்டு வேலையையும் செய்கிறது, அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை. எழுத்தில் பிரித்து எழுதினால் குழப்பம் குறையும்.

எந்த வகை எதிர்?

எதிர்ச்சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி எதிர்ப்பதில்லை. வகை தெரிந்தால் விடை சரியா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

பெரிய × சிறிய, சூடு × குளிர், கனம் × லேசு போன்றவை படிப்படியாக நகர்பவை. சோதனை எளிது. 'மிக', 'கொஞ்சம்', 'அதைவிட' ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள், ஒட்டும். 'சூடும் இல்லை, குளிரும் இல்லை' என்று சொல்லவும் முடியும். அந்த நடுவிடத்துக்கு 'வெதுவெதுப்பு' என்று சொல்லே இருக்கிறது. இவை எப்போதும் ஒப்பீட்டுக்கு உட்பட்டவை: பெரிய எறும்பு, சிறிய யானையைவிடச் சிறியதுதான். இந்த வகையில் இரு முனைகளுக்கும் சம உரிமை இருப்பதில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு முனை, அளவுக்கே பெயராகிவிடுகிறது. கூப்பிடு தொலைவில் இருந்தாலும் 'எவ்வளவு தூரம்?' என்றுதான் கேட்கிறோம், 'எவ்வளவு பக்கம்?' என்பதில்லை. கணுக்கால் அளவு நீருக்கும் 'எவ்வளவு ஆழம்?'தான். நீளம், உயரம், அகலம் எல்லாம் இப்படியே. 'எவ்வளவு குட்டை?' என்று ஒருவர் கேட்டால், ஆள் குட்டை என்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார் என்று பொருள்.

இரண்டாவது வகையில் நடுவிடமே இல்லை. ஒரு முழு எண் ஒற்றைப்படை அல்ல என்றால் இரட்டைப்படைதான். உயிரோடு இல்லை என்றால் இறந்துவிட்டார். இங்கே மட்டும் எதிர்மறையும் எதிர்ச்சொல்லும் ஒரே பொருளைத் தரும். 'மிக ஒற்றைப்படை' என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்காது.

செய்த ஒன்றை அவிழ்த்துப் போடும் வினைகள் மூன்றாவது வகை: ஏறு × இறங்கு, நிரப்பு × காலிசெய், பூட்டு × திற. முதல் வினை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறதோ அங்கிருந்து இரண்டாவது வினை பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். இதில் சொல்லைவிடச் செயப்படுபொருள்தான் முக்கியம். மூட்டையைக் கட்டினால் எதிர் அவிழ்ப்பது. சுவரைக் கட்டினால் இடிப்பது. கடையைக் கட்டினால் திறப்பது. வரியைக் கட்டினால் எதிர் இல்லை, கட்டியது கட்டியதுதான்.

நான்காவது, ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கமிருந்து பார்ப்பது. 'கண்ணன் வீட்டை முருகனுக்கு விற்றான்' என்பதும் 'முருகன் வீட்டைக் கண்ணனிடம் வாங்கினான்' என்பதும் ஒரே செய்தி. பெயர்களை இடம் மாற்றி, '-க்கு' என்பதை '-இடம்' என்று ஆக்கினால் பொருள் கெடாமல் நிற்க வேண்டும், அதுதான் சோதனை. கணவன் × மனைவி, ஆசிரியர் × மாணவர், மேலே × கீழே ஆகியவையும் இதில் அடங்கும். 'வாங்கு' என்ற சொல்லில்தான் பலர் வழுக்குவார்கள். வீடு வாங்கினால் எதிர் விற்றான். கடன் வாங்கினால் எதிர் கொடுத்தான். படை பின்வாங்கினால் எதிர் முன்னேறியது. வேடிக்கை என்னவென்றால், இரு பக்கத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதும் உண்டு. 'கடன்காரன் வந்திருக்கிறான்' என்றால் கொடுத்தவனா, வாங்கியவனா? பேச்சுவழக்கில் இரண்டும்தான். யார் ஓடி ஒளிகிறார் என்பதை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

வடிவம் பொருந்துகிறதா?

பொருள் சரியாக வந்த பிறகும் விடை தவறலாம். பெயருக்குப் பெயர், வினைக்கு வினை, அதே காலம், அதே திணை பால் வர வேண்டும். 'வென்றான்' என்றால் 'தோற்றான்'. 'தோல்வி' என்று எழுதினால் பாதி விடைதான். தன்வினைக்குப் பிறவினையை எதிராக வைப்பது அதைவிடப் பொதுவான பிழை. விலை ஏறியது × விலை இறங்கியது. விலையை ஏற்றினார்கள் × விலையை இறக்கினார்கள். 'விலை உயர்ந்தது' என்பதற்கு 'விலையைக் குறைத்தார்கள்' எதிராகாது. முதலாவதில் விலை தானாக நகர்கிறது, இரண்டாவதில் யாரோ நகர்த்துகிறார்கள். சேர்ந்த × பிரிந்த, சேர்த்த × பிரித்த. உயர் × தாழ், உயர்த்து × தாழ்த்து என்று இரட்டை இரட்டையாக மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நடையும் ஒத்துப்போக வேண்டும். சுத்தம் × அசுத்தம், தூய்மை × மாசு. இலாபம் × நஷ்டம், வெம்மை × தண்மை, சூடு × குளிர்ச்சி. 'சுத்தம் × மாசு' என்று எழுதினால் யாரும் தவறென்று அடிக்க மாட்டார்கள், ஆனால் ஒரு காலில் செருப்பும் மறுகாலில் ஷூவும் போட்டது போல் இருக்கும்.

எழுத்து ஒன்று மாறினால் எதிரும் மாறும்

ன, ண இரண்டையும் காதால் பிரித்தறியாதவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கலாம். வன்மை என்றால் வலிமை, கடினம், எதிர் மென்மை. வண்மை என்றால் வள்ளல் தன்மை; எதிர் ஈயாமை. தண்மை என்றால் குளிர்ச்சி, எதிர் வெம்மை. தன்மை என்றால் இயல்பு. அதற்கு எதிரே இல்லை. அண்மை என்றால் பக்கம், எதிர் சேய்மை. அன்மை என்றால் அல்லாமை, எதிர் ஆதல். ர, ற விஷயத்தில் இறக்கத்துக்கு எதிர் ஏற்றம், இரக்கத்துக்கு எதிர் கொடுமை. வினாவை எழுதியவரே எழுத்தைத் தவறவிட்டிருந்தால் எந்த விடையும் சரியாகாது. அப்போது வாக்கியத்தைப் பார்த்து, அவர் எதை எழுத நினைத்தார் என்று ஊகித்துக்கொள்வதுதான் வழி.

முன்னொட்டும் பின்னொட்டும் செய்யும் ஏமாற்று

தமிழ் தன் எதிர்மறையைச் சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வைக்கும். அறிவு × அறியாமை, கல்வி × கல்லாமை, அன்புடைமை × அன்பின்மை, பயனுள்ள × பயனற்ற. வடமொழிச் சொற்கள் அதை முன்னால் வைக்கும்: நீதி × அநீதி, சுத்தம் × அசுத்தம். உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லானால் இடையில் ஒரு னகரம் வந்து ஏறிக்கொள்ளும்: அவசியம் × அனாவசியம். இந்த ஒட்டுகள் மொழி எல்லை பார்ப்பதில்லை. நம்பிக்கை தமிழ்ச்சொல், 'அவ' வடமொழி. 'அவநம்பிக்கை' இரண்டின் கூட்டாகப் பிறந்து நன்றாகவே உலவுகிறது.

ஆனால் ஒட்டு இருப்பதாலேயே எதிர்ச்சொல் ஆகிவிடாது. பொறுமைக்கு எதிர் பொறாமையா? உறுப்புகளைப் பிரித்தால் பொறு + ஆ + மை, அதாவது பொறுக்காத தன்மை. ஆனால் அச்சொல் பிறர் வாழ்வைப் பொறுக்காததோடு சுருங்கிப்போய்விட்டது. 'வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழந்தார்கள்' என்னும் இடத்தில் பொறாமை வராது; அவசரம், ஆத்திரம், பதற்றம் என்று இடத்துக்கேற்ப ஒன்று வரும். அபயம் 'பயமின்மை'யில் தொடங்கி 'அடைக்கலம்' என்றாகிவிட்டது. அசாத்தியம் என்றால் முடியாதது. ஆனால் 'அசாத்தியத் திறமை' என்றால் புகழ்ச்சி. 'அநியாயத்துக்கு நல்லவன்' என்பதில் நியாயமும் இல்லை, அநியாயமும் இல்லை, 'ரொம்ப' என்பதற்கு மாற்றாக நிற்கிறது. மறுபக்கம், எதிர்மறை போலத் தோன்றி ஏமாற்றுபவை. 'அதிகம்', 'அவசரம்' ஆகியவற்றின் முதலெழுத்தை வெட்டினால் மிஞ்சுவது தமிழில் சொல்லே அல்ல.

'அற்ற' இன்னும் பொல்லாதது. மதிப்பற்ற பொருள் என்றால் குப்பை. விலைமதிப்பற்ற பொருள் என்றால் பொக்கிஷம். ஒன்றில் மதிப்பே இல்லை. மற்றொன்றில் மதிப்பிட முடியாத அளவுக்கு இருக்கிறது. எண்ணற்ற, அளவற்ற ஆகியவையும் மிகுதியைச் சொல்பவை. அவற்றுக்கு எதிர் சில, சிறிது. 'அற்ற' வந்ததும் இல்லாமை என்று முடிவுகட்டாமல், இல்லாதது பொருளா அல்லது அதை அளக்கும் வழியா என்று பாருங்கள்.

காலமும் எதிரை மாற்றும். பழைய நூல்களில் 'நாற்றம்' பூவின் மணம். அங்கே நறுநாற்றம் × தீநாற்றம் என்று பிரித்தார்கள். இன்று நாற்றமே கெட்டவாடை ஆகிவிட்டதால் எதிர் 'நறுமணம்' ஆனது. செய்யுள் வரியில் எதிர்ச்சொல் கேட்டிருந்தால், அந்தக் காலப் பொருளை வைத்தே விடை எழுதுங்கள்.

எதிரும் எதிரும் சேர்ந்தால்

எதிர்ச்சொற்கள் தமிழில் சண்டையிடுவதைவிடச் சேர்ந்து குடித்தனம் நடத்துவதே அதிகம். வரவுசெலவு, கொடுக்கல்வாங்கல், மேடுபள்ளம், இரவுபகல், நல்லது கெட்டது, போக்குவரத்து. இப்படிச் சேரும்போது இரண்டும் தனித்தனிப் பொருளை விட்டு முழுமையைக் குறிக்கத் தொடங்கும். 'இரவுபகலாக உழைத்தான்' என்றால் இடைவிடாமல் என்று பொருள். 'முன்பின் தெரியாதவர்' என்பதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை, முற்றிலும் அறியாதவர். வரிசையும் உறைந்துபோனது: 'செலவுவரவு', 'கெட்டது நல்லது' என்று மாற்றினால் காது ஒப்புக்கொள்ளாது.

எழுதும்போது கவனிக்க ஒன்று: 'உம்' மறைந்து நிற்கும் இத்தொகையில் வல்லினம் மிகாது. 'இரவுபகல்' சரி, 'இரவுப்பகல்' தவறு. 'மேடுபள்ளம்' என்றால் மேடும் பள்ளமும். 'மேட்டுப்பள்ளம்' என்று எழுதினால் மேட்டில் உள்ள பள்ளம் ஆகிவிடும்.

யாப்பில் இந்த இணைப்புக்குத் தனி இடமே உண்டு. தொல்காப்பியம் முரணை, செய்யுளைத் தொடுக்கும் முறைகளான தொடைகளில் ஒன்றாக எண்ணி, சொல்லாலும் பொருளாலும் முரணலாம் என்கிறது. கவிதையில் முரண் வைக்க விரும்புவோர் ஒரு இணையோடு நிற்காமல் இரண்டை அடுக்கிப் பார்க்கலாம். 100ஆம் குறளில் இனிய × இன்னாத என்ற இணைக்குப் பக்கத்தில் கனி × காய் வந்து நிற்கிறது. முதல் இணை கருத்து, இரண்டாவது கையில் எடுத்துக் கடிக்கக்கூடிய பொருள். கருத்துக்குக் கருத்தையே அடுக்கினால் மேடைப்பேச்சாகிவிடும்.

வேண்டுமென்றே எதிரைச் சொல்லும் வழக்கும் இருக்கிறது. விடைபெறும்போது 'போகிறேன்' என்னாமல் 'வர்றேன்' என்கிறோம். கறுப்பு ஆட்டை 'வெள்ளாடு' என்பதும் செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும் மங்கல வழக்கு என்கிறது இலக்கணம். இத்தகைய சொற்களை எதிர்ச்சொல் வினாவுக்கு எடுக்காமலிருப்பதே புத்திசாலித்தனம். நல்ல பாம்புக்குக் கெட்ட பாம்பு எதிர் இல்லை, நல்லெண்ணெய்க்குக் கெட்ட எண்ணெயும் இல்லை. பெயராக உறைந்துபோன 'நல்ல'வில் நன்மையை அளக்க முடியாது.

எதிரே கிடைக்காதபோது

இன்னும் சில சொற்களுக்கு எவ்வளவு தேடினாலும் ஒற்றைச் சொல்லில் எதிர் அகப்படாது. வழுக்கைக்கு எதிர் என்ன? தாகத்துக்கு? செவிடுக்கு? வழக்கமான நிலைக்கு மொழி பெயர் வைக்க மெனக்கெடுவதில்லை. குறையும் மிகுதியும்தான் பெயர் பெறுகின்றன. அப்போது புதுச்சொல் ஒன்றைக் கட்டாயப்படுத்திச் செய்யாமல் தொடராகவே எழுதுங்கள்: தாகம் தீர்ந்த, காது கேட்கிற, தலை நிறைய முடியுள்ள. வினாத்தாள் எடுப்பவராக இருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறொன்றை எடுங்கள். எடுத்ததையும் தனியே கொடுக்காமல் வாக்கியத்தில் வைத்து அடிக்கோடிட்டுக் கொடுங்கள். விடைக்குறிப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைக்கு இடம் விட்டு வையுங்கள். 'எழுந்தான்' என்பதற்கு ஒரு பிள்ளை 'உட்கார்ந்தான்' என்றும் இன்னொரு பிள்ளை 'படுத்தான்' என்றும் எழுதியிருக்கும். அவன் நாற்காலியிலிருந்து எழுந்தானா, பாயிலிருந்தா என்பதை வினா சொல்லாதவரை, இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டாக வேண்டும்.